ஹெலனுக்கு எதிரே நின்றவர்கள்

நான் எத்தனை நிமிடம் பேசுவேனோ என்ற அச்சத்தில் கைக்கடிகாரத்தை இப்போதே கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, அவையின் நடுநாயகமாக அமர்ந்திருக்கும் மன்றத் தலைவர் ஐயா பூவராகவன் அவர்களே! மீஞ்சூரிலிருந்தும் பொன்னேரியிலிருந்தும் ரயிலில் நின்றபடியே வந்து, இங்கே ஒரு நாற்காலி கிடைத்ததையே விருதாக எண்ணி மகிழ்ந்திருக்கும் பெரியோர்களே! முதல் ஷிப்டு முடித்து, முகத்தில் ஒட்டிய தூசியோடும் முகம் கொள்ளாத சிரிப்போடும் வந்திருக்கும் தோழர்களே! அடுப்படியையும் ஆண்டு, ஆலையையும் ஆண்டு, அதற்கு நடுவே ஆடுகளத்தையும் ஆண்ட அருமைத் தாய்மார்களே! பந்தை அடிக்கும் அதே வேகத்தில் என்னையும் அடிக்கலாம் என்றிருந்தும் இதுவரை பொறுத்தருளிய வீராங்கனைகளே! உங்கள் அனைவரையும் இரு கை கூப்பி, இடுப்பு வலிக்கிற அளவுக்குக் குனிந்து வணங்குகிறேன்.

சற்று முன் என்னை அறிமுகம் செய்த தம்பி 'தொழிலதிபர் அப்பாவு' என்றார். தம்பி, அந்தச் சட்டை எனக்குப் பெரியது. நான் காயலாங்கடை அப்பாவு. மூன்று சக்கர வண்டியில் இந்தத் தொழிற்பேட்டைச் சாலைகளில் துருப்பிடித்த தகடு பொறுக்கிய காலத்தில் 'ஏய் இரும்பு' என்பதுதான் என் பெயர். இன்று என்னிடம் எடைமேடை இருக்கிறது, லாரி இருக்கிறது, என் பழைய இரும்பை நம்பி உருக்காலைகள் உலை மூட்டுகின்றன. ஆனாலும் எதைக் கண்டாலும் 'இது எத்தனை கிலோ?' என்று கேட்கும் புத்தி என்னை விட்டுப் போகவில்லை. அந்தப் புத்திதான் எனக்குச் சோறு போட்டது. அந்தப் புத்திதான் இதே மேடையில் என்னைக் குற்றவாளியாகவும் ஆக்கியது.

கைதட்டாதீர்கள். குற்றத்தை நான் இன்னும் சொல்லவே இல்லை.

நம்மவர்களுக்குத் தெரிந்த கதைதான். வெளியூரிலிருந்து வந்த விருந்தினர்களுக்காகச் சொல்கிறேன். நம் மன்றத்தில் ஆண்டுதோறும் பொங்கலை அடுத்து வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் பெண் தொழிலாளர்களுக்கு டென்னிஸ் போட்டி நடக்கிறது. தொடங்கி இருபத்தேழு ஆண்டுகள் ஆகின்றன. தொடக்கக் காலத்தில் தொடர்ந்து ஏழு ஆண்டு கோப்பை வென்றவர் ஹெலன். ரசாயனக் கம்பெனியில் மூட்டை தைக்கும் பிரிவில் வேலை செய்தவர். இப்போது ஐந்து முறை வென்றிருப்பவர் இளமதி. வாகன உதிரிபாகக் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. இன்று திறக்கிறோமே இந்த இரண்டாவது ஆடுகளம், இதற்கு இவர்களில் யார் பெயரை வைப்பது? செயற்குழுவில் பாதிப்பேர் ஹெலன் என்றார்கள். பாதிப்பேர் இளமதி என்றார்கள். மூன்று கூட்டம் போட்டார்கள். மூன்று கூட்டத்திலும் போண்டா தீர்ந்தது, பேச்சு தீரவில்லை. கடைசியில், 'வேலிக்கு இரும்பு கொடுத்தவன் அப்பாவு, அவனே சொல்லட்டும்' என்று பழியைத் தூக்கி என் தோளில் வைத்துவிட்டார்கள்.

ஏழு பெரிதா, ஐந்து பெரிதா? ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். அப்படியானால் சண்டை எங்கே? சண்டை எதிராளியில் இருக்கிறது! ஹெலன் காலத்துப் பதிவேட்டைத் திறந்தால் ஆண்டுக்கு எட்டே எட்டுப் பெயர். இளமதி காலத்துப் பதிவேட்டைத் திறந்தால் நாற்பத்தெட்டு! எட்டுப் பேரை வென்ற ஏழு கனமா? நாற்பத்தெட்டுப் பேரை வென்ற ஐந்து கனமா?

இது கும்மிடிப்பூண்டிச் சண்டை மட்டும்தானா? இல்லை, உலகச் சண்டை! நானும் தலைவர் பூவராகவனும் ரயிலடித் தேநீர்க் கடையில் இதற்காக ஆற்றிய தேநீரை ஊற்றினால் ஏரி நிரம்பும்.

மார்கரெட் கோர்ட் என்ற ஆஸ்திரேலியப் பெண்மணி, ஒற்றையர் ஆட்டத்தில் 'கிராண்ட் ஸ்லாம்' எனும் பெரும் பட்டங்கள் இருபத்துநான்கு வென்றார். மலைத்துப் போகிறோம். உடனே ஒருவர் சொல்கிறார்: 'அதில் பதினொன்று அவருடைய சொந்த நாட்டில் வென்றது. அவ்வளவு தொலைவு பயணம் செய்து அந்தக் காலத்தில் எத்தனை பேர் வந்தார்கள்?' சரி, கிறிஸ் எவர்ட்டும் மார்ட்டினா நவரத்திலோவாவும் எண்பது முறை மோதினார்கள். ஆளுக்குப் பதினெட்டுப் பெரும் பட்டங்கள். உடனே, 'அந்த இரண்டு பேரை விட்டால் வேறு யார் இருந்தார்கள்?' என்கிறார்கள். ஸ்டெஃபி கிராஃப் இருபத்திரண்டு வென்றார். 'மோனிகா செலஸைக் கத்தியால் குத்தி ஒருவன் களத்தைவிட்டே விரட்டாமல் இருந்திருந்தால்?' என்கிறார்கள். செரீனா இருபத்துமூன்று வென்றார். 'கடைசிக் காலத்தில் எதிரே நிற்க ஆளில்லை' என்கிறார்கள். அண்மைக் காலத்தில் ஆண்டுக்கு இரண்டு மூன்று புது முகங்கள் பட்டம் வெல்கின்றன. அப்போதாவது சும்மா இருக்கிறார்களா? 'நிலையான வீராங்கனையே இல்லை, யார் வேண்டுமானாலும் வெல்கிறார்கள்' என்கிறார்கள்!

என்ன நியாயம் ஐயா இது? ஒருத்தியே வென்றால் எதிராளிகள் சொத்தை! ஒவ்வொருத்தியாய் வென்றால் வென்றவர்களே சொத்தை! அப்படியானால் பெண்கள் எப்படித்தான் ஆடுவது? எந்தத் தராசில்தான் ஏறுவது?

பின்னால் ஒருவர் 'விஷயத்துக்கு வா' என்கிறார். வருகிறேன் அண்ணே. உங்கள் கடைசி வண்டிக்கு நான் உத்தரவாதம்.

இதையெல்லாம் இன்று இப்படிப் பேசுகிற நான், இரண்டு ஆண்டுக்கு முன் மன்றத்தின் வெள்ளிவிழாவில் எப்படிப் பேசினேன் தெரியுமா? இதே மேடை, இதே ஒலிபெருக்கி, இதே தொண்டை. பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டேன். எட்டுப் பெயரை ஒவ்வொன்றாகப் படித்தேன். படித்துவிட்டுச் சொன்னேன்: 'எட்டுப் பேர் ஆடிய காலத்தில் எடுத்த ஏழு கோப்பை, என் எடைமேடையில் ஏற்றினால் தகரம்!'

கூட்டம் கைதட்டியது. நீங்கள்தான் தட்டினீர்கள். இப்போது தலையைக் குனிந்துகொள்ளாதீர்கள், தட்டியவர்களின் குற்றம் கால்பங்கு, சொன்னவனின் குற்றம் முக்கால். மேடைக்காரனுக்குக் கைதட்டல் என்பது கள். முதல் குவளையிலேயே கண் மங்கிவிடும். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த ஹெலன் எழுந்தார். முந்தானையைத் தோளில் சரிசெய்துகொண்டு, பக்கத்தில் இருந்தவர்களின் முழங்காலில் இடிக்காமல் நிதானமாக நடந்து வெளியே போனார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நான் இன்னும் பத்து நிமிடம் பேசினேன் என்றால், என் தோல் எந்தத் தகட்டில் செய்தது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

மறுநாள் திங்கட்கிழமை. காலை பத்து மணி இருக்கும். என் கடை வாசலில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. ஹெலனின் மகள் பிரின்சி. இப்போது ஒரு பொறியியல் கம்பெனியில் கணினியில் வரைபடம் போடுகிற பெண். முன்னால் ஒரு கோணிப்பை. அதை இறக்கி என் மேசைக்கு முன்னால் வைத்தாள். கலகலவென்று ஓசை.

"அங்கிள், அம்மா குடுத்துட்டு வரச் சொன்னாங்க."

"இன்னாம்மா இது?"

"தகரம். நீங்கதான் நேத்து சொன்னீங்களாமே. எடை போட்டு எடுத்துக்கச் சொன்னாங்க."

"ஏம்மா... அது ஏதோ மேடைக்குச் சொன்னது..."

"டப்பு வேணாமாம். சும்மா ஊட்ல எடத்த அடைச்சிக்கினு கீதாம்."

வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். உள்ளே பார்த்தேன். ஏழு கோப்பை. ஒவ்வொன்றும் புளி போட்டுத் துலக்கிய பளபளப்பு. இடத்தை அடைக்கிற பொருளை இப்படியா துலக்குவார்கள்?

நான் என்ன செய்தேன்? சிரித்தேன். வியாபாரிக்கு வெட்கம் வந்தால் முதலில் சிரிப்புதான் வரும். பையை என் நாற்காலிக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். தினமும் எழும்போது ஒரு முறை, உட்காரும்போது ஒரு முறை, என் குதிகால் அதில் இடிக்கும். கடையில் வேலை செய்யும் அன்புராஜ் ஒரு நாள் கேட்டான்: "மொதலாளி, இத தட்டிச் சப்பையாக்கி லோடுல போட்டுடட்டா?" நான் போட்ட கூச்சலில் அவன் கையிலிருந்த சுத்தியல் கீழே விழுந்தது. "இன்னா மொதலாளி, தகரத்துக்கு இம்மாம் பேஜாரு பண்றே?" என்றான்.

அவன் கேள்விக்குப் பதில் நான்கு மாதம் கழித்து, நசுங்கிய அண்டாவோடு வந்தது. கொண்டு வந்தவர் செண்பகம். இதோ, முதல் வரிசையில் பச்சைப் புடவையில் உட்கார்ந்து, 'என்ன சொல்லப்போகிறான் பார்ப்போம்' என்று என்னை முறைத்துக்கொண்டிருக்கிறாரே, அவரேதான். இரும்பை உருட்டிக் கம்பியாக்கும் உருட்டு ஆலையில் வேலை பார்த்தவர், இப்போது அங்கேயே கேன்டீன் நடத்துகிறார். பழைய பாத்திரம் போட வந்தவரின் கண் கோணிப்பை மேல் விழுந்தது.

"இன்னாண்ணே, ஹெலன் கப்பு இங்க கீது?"

சொன்னேன். மறைக்காமல் சொன்னேன். அண்டாவைக் கீழே வைத்தார். இடுப்பில் கை வைத்தார்.

"அண்ணே, நான் அஞ்சு தபா பைனல்ல அவகிட்ட தோத்தேன். அவ கப்பு தகரம்னா, நான் இன்னா? துருவா?"

என் கடையில் அன்று மூன்று லாரி இரும்பு இருந்தது. அத்தனையும் ஒன்றாகத் தலையில் விழுந்தது போல் இருந்தது எனக்கு. இருந்தாலும் வியாபாரி விடுவானா? பேரம் பேசினேன்.

"சரிம்மா, நீ ஒருத்தி நல்லா ஆடினே, ஒத்துக்கறேன். மிச்சம் இருந்தது ஆறு பேருதான?"

"எட்டு பேருதான் ஆடுனாங்கன்னு எவன் உனக்குச் சொன்னான்?"

"நோட்ல கீதும்மா!"

"நோட்ல கம்பெனிக்கு ஒருத்தி பேருதான்ணே இருக்கும்! அப்ப இருந்தது ஒரே கோர்ட்டு, ஒரே ஞாயித்துக்கெழம. கம்பெனிக்கு ஒரு பொண்ணுதான் வரலாம்னு லெட்டர் போட்டாங்க. அந்த ஒரு எடத்துக்கு எங்க மில்லுல பன்னெண்டு பேரு அடிச்சிக்கினோம். சாப்பாட்டு நேரத்துல, குடோன் சிமெண்டுத் தரையில, ரெண்டு டிரம்முக்கு நடுவுல கயிறு கட்டிக்கினு. பதினஞ்சு நாளு! பாதி சோறு டப்பாலயே காஞ்சிப் போவும். அதுல ஜெயிச்சாதான் கேட்டுக்கு வெளிய. நீ இன்னாடான்னா நோட்ட பாத்தியாம், எட்டு பேராம்!"

அன்பர்களே! தொழிலில் நான் ஒரு பாடம் படித்திருக்கிறேன். எடைச்சீட்டில் இருக்கிற எண் லாரியில் இருக்கிற சரக்கு அல்ல. நாற்பது வருடம் அதைச் சொல்லிச் சொல்லியே பிழைத்த நான், பதிவேட்டில் இருக்கிற எண்ணைப் பார்த்துப் பெண்களை எடை போட்டுவிட்டேன். எட்டுப் பெயர் என்பது எட்டுப் பேரல்ல! எட்டுக் குடோன்! எட்டுக் குடோனிலும் கயிறு கட்டி, கை வலிக்க வலிக்க ஆடி, மற்ற எல்லாரையும் தாண்டி வந்த எட்டுப் பேர்! நாம் முதல் சுற்று என்று எழுதி வைத்திருப்பது அவர்களுக்கு நாலாவது சுற்று!

செண்பகம் சொன்னதை மட்டும் நம்பினேனா? நம்பவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா, சரக்கு யார் கொண்டு வந்தாலும் நான் கிரைண்டரில் ஒரு முனையை வைத்துத் தீப்பொறி பார்த்துத்தான் எடுப்பேன். நல்ல எஃகுக்கு ஒரு பொறி, சாதா இரும்புக்கு ஒரு பொறி. ஆகவே, ஆந்திர எல்லையில் ஆரம்பாக்கத்துக்குப் போனேன். அங்கே சுமலதா இருக்கிறார். மருந்துக் கம்பெனியின் சார்பில் ஆடியவர். ஹெலனிடம் மூன்று முறை அரையிறுதியில் தோற்றவர்.

"இன்னா நைனா, இத்தினி வருசம் கழிச்சித் தோத்தவள தேடிக்கினு வந்துகீறே?" என்று சிரித்தார். காரச் சட்னியோடு நாலு இட்லி போட்டார். தங்கள் கம்பெனியிலும் இதே போல் குடோனில் கயிறு கட்டி ஆடி வென்றுதான் வந்ததாகச் சொன்னார். கேட்டேன்: "ஹெலனை விடும்மா. ஹெலன் இல்லாத மத்தவங்கள்ல யாரு பெரியவங்க?" அவர் யோசிக்கவே இல்லை. "அது யாரால சொல்ல முடியும்? செண்பகம் என்னை ஒரு வருசம் ஜெயிச்சா. அடுத்த வருசம் நான் அவள ஜெயிச்சேன். கண்ணாடிக் கம்பெனிப் பொண்ணு எங்க ரெண்டு பேரையும் ஜெயிச்சா. எல்லாம் இழுபறி. நாங்க ஒருத்திய ஒருத்தி சாப்புட்டுக்கினு இருப்போம், கடைசில ஹெலன் வந்து எல்லாரையும் சாப்புட்டுப் போய்டுவா."

ஆகா! இதைவிடத் தெளிவாக எந்த வர்ணனையாளர் சொல்லியிருக்கிறார்? தலைவர் வீட்டுப் பரணில் இருந்த பழைய ஆட்டச் சீட்டுகளை இறக்கிப் பார்த்தேன். அந்தம்மா சொன்னது அத்தனையும் உண்மை. ஹெலன் இல்லாத ஆட்டங்களில் பாதிக்கு மேல் மூன்றாவது செட் வரை போயிருக்கின்றன!

நாம் எங்கே தவறுகிறோம் தெரிகிறதா? எதிராளியை எடை போட அவள் வீட்டு அலமாரியில் கோப்பை தேடுகிறோம். கோப்பை எப்படி இருக்கும்? எல்லாவற்றையும் ஒருத்தி எடுத்துப் போய்விட்டாளே! எடுத்துப் போனவளைப் பார்த்து, 'உன் எதிராளிகளிடம் ஒன்றுமே இல்லையே' என்று கேட்டால், அதைவிட அநியாயம் உண்டா? எண்பத்தெட்டில் பாரிஸ் இறுதி ஆட்டம். ஸ்டெஃபி கிராஃப் ஆறுக்குப் பூஜ்யம், ஆறுக்குப் பூஜ்யம் என்று முடித்தார். ஒரு கேம்கூட எடுக்காமல் தோற்றவர் நடாஷா ஸ்வெரேவா, பதினேழு வயதுப் பெண். 'இதெல்லாம் ஒரு எதிராளியா?' என்று எனக்குத் தெரிந்த எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அதே பெண் அதே போட்டியில் யாரை வீழ்த்திவிட்டு அந்த இறுதி ஆட்டத்துக்கு வந்தார் தெரியுமா? நவரத்திலோவாவை! ஸ்வெரேவா சொத்தையென்றால் நவரத்திலோவா என்ன? கிராஃப் அன்று அவ்வளவு உயரத்தில் நின்றார், அதனால் எதிரே நின்றவர் குள்ளமாகத் தெரிந்தார். அவ்வளவுதான் சங்கதி!

சரி, இளமதி காலத்து நாற்பத்தெட்டு? அதையும் கிரைண்டரில் வைக்க வேண்டாமா? இளமதியின் தோழர்கள் சீட்டைவிட்டு எழ வேண்டாம், ஒருதலையாகப் பேச நான் வரவில்லை. இப்போது கம்பெனிக்கு ஒருவர் என்ற கணக்கு இல்லை. யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம். பெயர் கொடுத்தால் ஒரு டீ-சர்ட், ஒரு பிரியாணிப் பொட்டலம், ஒரு நாள் வேலையிலிருந்து விடுப்பு. போன ஆண்டு பெயர் கொடுத்தவர்களில் பதினான்கு பேர் டீ-சர்ட்டை வாங்கிக்கொண்டு களத்துப் பக்கமே வரவில்லை. நாலாவது வரிசையில் ஓர் அம்மா அந்த டீ-சர்ட்டையே போட்டுக்கொண்டு வந்து சிரிக்கிறார்! உட்காருங்கள் அம்மா, பிரியாணி நன்றாக இருந்ததா? நன்றாக இருந்ததாம்!

ஆனால், காலிறுதிக்கு வந்து நிற்கிற எட்டுப் பேர் இருக்கிறார்களே, அவர்கள் எஃகு! இளமதி எந்தப் பக்கம் சர்வீஸ் போடுவார், களைத்தால் எந்தக் காலை இழுப்பார் என்று கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, ஆண்டு முழுக்கப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டு வருகிறார்கள். ஹெலனை அவர் எதிராளிகள் ஆண்டுக்கு ஒரு நாள்தான் பார்த்தார்கள். இளமதியை அவர் எதிராளிகள் தினமும் பார்க்கிறார்கள். ஒளிந்துகொள்ள இடமில்லாமல் ஐந்து முறை வெல்வது எளிதா?

அப்படியானால் கணக்கு என்ன? வியாபாரி வழவழவென்று பேசக்கூடாது, விலையைச் சொல்ல வேண்டும். சொல்கிறேன். அன்று களத்துக்கு வந்த எட்டுப் பேரும், இன்று காலிறுதிக்கு வருகிற எட்டுப் பேரும் ஒரே தட்டு. அவர்கள் குடோனில் வடிகட்டப்பட்டு வந்தார்கள், இவர்கள் களத்திலேயே வடிகட்டப்படுகிறார்கள். ஆட்டத்தின் வேகம் இன்றுதான் அதிகம். அதை ஹெலனே சொன்னார்: "அந்தப் பொண்ணு சர்வீஸு எனக்குக் கண்ணுக்கே தெரியலண்ணே, அப்பால எங்க அடிக்கிறது?" வேகம் வேறு, போட்டியின் பலம் வேறு. யாரும் அவரவர் காலத்தில் பிறந்தவர்களோடுதான் மோத முடியும். மோதியவர்கள் சமம். வென்றது ஏழும் ஐந்தும்.

இதை முதலில் இளமதியிடம்தான் போய்ச் சொன்னேன். வருத்தப்படுவார் என்று வழியெல்லாம் வார்த்தை தேடிக்கொண்டு போனேன். அந்தப் பெண் என்ன சொன்னது தெரியுமா? "அய்ய சார், என் பேர வச்சிடாதீங்க. நான் இன்னும் ஆடிக்கினு கீறேன். போர்டுல பேரு போட்டா ரிட்டயர் ஆன மாரி கீது!" இளமதி, நீ எட்டாவது கோப்பையை எடு தாயே. மூன்றாவது ஆடுகளம் கட்டுவோம். வேலிக்கு இரும்பு என்னுடையது! தலைவர் என்னைப் பார்க்கிறார். இடம் அவருடைய பொறுப்பு!

பிறகு, போக வேண்டிய வீட்டுக்குப் போனேன். புது கும்மிடிப்பூண்டியில் ஹெலன் வீடு. கோணிப்பையைக் கையில் எடுத்துக்கொண்டேன். வேறு யாரையும் தூக்க விடவில்லை. வாசலில் கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தார். "வாங்கண்ணே" என்றார். நாற்காலி போட்டார். பையைப் பார்த்தார், பார்க்காதது போல இருந்தார். என் தவற்றைச் சொன்னேன். குடோன் கதை தெரிந்துகொண்டதைச் சொன்னேன். கோப்பைகளைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன்.

தவிடு பிசைந்த கையை அலம்பிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"அண்ணே, நீங்க சொன்னது எங்க?"

"மேடையிலம்மா."

"எத்தினி பேரு முன்னாடி?"

"முந்நூறு பேரு இருக்கும்."

"முந்நூறு பேரு முன்னாடி சொல்லிட்டு, எங்க ஊட்டுக் கோழி முன்னாடி வாபஸ் வாங்கினா ஆச்சா?"

நான் எழுந்து நின்றுவிட்டேன். அவர் குரல் உயரவில்லை. தொடர்ந்து சொன்னார்: "எனக்காவ இல்லண்ணே. எனக்கு அன்னிக்குத் துக்கமே வரல, கோவந்தான் வந்துச்சி. ஆனா செண்பகம் வெள்ளிவிழாவுக்கு வரல, சுமலதா வரல, அவங்களுக்கு அப்பால யார் யாரோ சொல்லித்தான் தெரிஞ்சிகீது. நான் ஜெயிச்சது தகரம்னா அவங்க தோத்ததுக்கு இன்னா பேரு? தோக்கறதுக்கும் எம்மாம் கஷ்டப்பட்டாங்க தெரியுமா? அத சொல்லுங்க. அப்பால கப்ப எடுத்துக்கறேன்."

எனவே, பெரியோர்களே, தாய்மார்களே! இன்று நான் வாழ்த்துரை வழங்க வரவில்லை. வார்த்தையைத் திரும்பப் பெற வந்திருக்கிறேன். சொன்ன இடத்திலேயே நின்று, சொன்ன தொண்டையாலேயே, கேட்டவர்கள் கேட்கச் சொல்கிறேன்: ஹெலனின் ஏழு கோப்பைகளைத் தகரம் என்றது பொய். அறியாமல் சொன்ன பொய், ஆராயாமல் சொன்ன பொய், கைதட்டலுக்குச் சொன்ன பொய். அதை முழுவதும் திரும்பப் பெறுகிறேன். சகோதரி ஹெலன், மன்னித்துவிடுங்கள்.

பிரின்சி, மேலே வாம்மா. இந்தா, பை. இரண்டு ஆண்டு என் கடையில் இருந்தும் எடைமேடை ஏறாத ஒரே பொருள் இதுதான். அம்மாவிடம் கொடு... வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டார்! உள்ளே கை விட்டு ஏழும் இருக்கிறதா என்று பார்க்கிறார்! பாருங்கள் அம்மா, நன்றாகப் பாருங்கள், காயலாங்கடைக்காரனை நம்பக்கூடாது!

இனி, அவர் கேட்ட இரண்டாவது காரியம். ஹெலனோடு களத்தில் மோதித் தோற்றவர்கள் இந்த அவையில் இருந்தால், தயவுசெய்து எழுந்து நிற்க வேண்டும். செண்பகம் அம்மா எழுந்துவிட்டார். அதோ, சுமலதா, ஆரம்பாக்கத்திலிருந்து வந்திருக்கிறார். கண்ணாடிக் கம்பெனி அம்மா. இன்னும் இருவர். ஐந்து பேர். உட்கார வேண்டாம், நில்லுங்கள். இப்போது இன்னொன்று கேட்கிறேன். இந்த ஐந்து பேரிடம், உங்கள் கம்பெனிக் குடோனில், கயிறு கட்டிய அந்தச் சிமெண்டுத் தரையில், சோற்றை மூடி வைத்துவிட்டு ஆடித் தோற்றீர்களே, எந்தப் பதிவேட்டிலும் பெயர் ஏறாத பெண்கள், நீங்களும் எழுந்து நிற்க வேண்டும். வெட்கப்படாதீர்கள். வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்தாலும் பரவாயில்லை, எழுந்திருங்கள்.

ஒருவர்... அந்த ஓரத்தில் இருவர்... அந்த வரிசையே எழுகிறதே! உருட்டு ஆலைப் பெண்கள்! பின்னால், தூணுக்குப் பக்கத்தில், அம்மா, நீங்களுமா? எனக்கு வாரம் தவறாமல் காய்கறி விற்கிறீர்கள், ஒரு நாளும் சொன்னதில்லையே! ஏழு, எட்டு, ஒன்பது, பதினான்கு, இருபத்திரண்டு... எண்ணாதே அப்பாவு, எண்ணித்தானே கெட்டாய்! நில்லுங்கள் தாய்மார்களே, அப்படியே நில்லுங்கள். உட்கார்ந்திருப்பவர்கள் திரும்பிப் பாருங்கள். நன்றாகப் பாருங்கள். ஹெலனின் எதிரே யார் இருந்தார்கள் என்று கேட்டீர்களே, இதோ இருந்தார்கள்! ஹெலன் காலத்துப் போட்டிக்கு என்ன பலம் என்று கேட்டீர்களே, இதோ நிற்கிறது பலம்! மார்கரெட் கோர்ட்டுக்கு எதிரே நின்றவர்களையும், கிராஃபுக்கு எதிரே நின்றவர்களையும் நம்மால் எழுப்பிக் காட்ட முடியாது. நம் ஊரில் முடிகிறது! காட்டிவிட்டோம்!

செயற்குழு எனக்குக் கொடுத்த உரிமையின்படி அறிவிக்கிறேன். இந்த ஆடுகளம் இன்று முதல் 'ஹெலன் ஆடுகளம்'. பலகை மேலே இருக்கும். அந்தப் பலகைக்குக் கீழே வேலியின் ஒவ்வொரு கம்பத்திலும் ஒரு பெயர் பொறிக்கப்படும். இப்போது நிற்கிறீர்களே, உங்கள் பெயர்கள். கூட்டம் முடிந்ததும் அன்புராஜ் தாளோடு வாசலில் நிற்பான், எழுத்துப் பிழையில்லாமல் சொல்லிவிட்டுப் போங்கள். கம்பம் போதாவிட்டால் இன்னும் நடுவேன்!

ஹெலன் அம்மா கையைத் தூக்குகிறார். ஏதோ சொல்ல வேண்டுமாம். ஒலிபெருக்கி வேண்டாமாம். சொல்லுங்கள் அம்மா... என்ன? கேட்கவில்லை, சற்று உரக்க... 'அவங்கள மொதல்ல ஒக்காரச் சொல்லுங்கண்ணே, செண்பகத்துக்கு முட்டி வலி'!

உட்காருங்கள் தாய்மார்களே, உட்காருங்கள். எதிராளியின் முட்டி வலி இன்றுவரை தெரிந்து வைத்திருக்கிற வெற்றி வீராங்கனையை வாழ்த்த எனக்கு இனி வார்த்தை இல்லை. பொறுமை காத்த தலைவருக்கும், கடிகாரத்தைத் திருப்பி வைத்த அவர் பெருந்தன்மைக்கும், அன்று கைதட்டி என்னைக் கெடுத்து, இன்று கைதட்டி என்னைக் கரையேற்றிய உங்கள் அனைவருக்கும் நெஞ்சம் நிறைந்த நன்றி. புதுக் களத்தில் பந்து எழும்பட்டும்! புதுப் புது எதிராளிகள் பிறக்கட்டும்! வணக்கம்!